நான் சப்போர்ட் பண்ணின கிளப் இப்ப இல்ல

எங்க ஆபிஸ்ல புதுசா ஒரு பையன் சேர்ந்திருக்கான், இருபத்தி நாலு வயசு இருக்கும், நேஷனல் சர்வீஸ் முடிச்சு டிகிரி முடிச்சு வந்த நம்ம ஊர் தமிழ்ப் பையன். லஞ்ச் டைம்ல பேச்சு வாக்குல "அண்ணே நீங்க எந்த டீம்?"னு கேட்டான். சிங்கப்பூர்ல இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். லிவர்பூலா, மான்செஸ்டரா, ஆர்சனலா. நான் சும்மா விளையாட்டுக்கு "உட்லண்ட்ஸ் வெலிங்டன்"னு சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, ரொம்ப மரியாதையா, "அது எந்த டிவிஷன்ணே, சாம்பியன்ஷிப்பா, லீக் ஒன்னா?"ன்னான்.

இங்கிலாந்துல ஏதோ ஒரு சின்ன ஊர்னு நினைச்சிட்டான். அது நம்ம சிங்கப்பூர் லீக்ல ஆடின கிளப். அவன் இருக்கிறது அட்மிரல்டி. உட்லண்ட்ஸ் ஸ்டேடியத்துக்கு பஸ்ல போனா பத்து பதினஞ்சு நிமிஷம்.

கோபம் எல்லாம் வரல. வீட்டுக்கு வர்ற வழியில எம்ஆர்டி ரயில்ல யோசிச்சுப் பாத்தா அவன் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த கிளப் 2014 சீசனோட முடிஞ்சுபோச்சு, அப்ப அவனுக்கு பதிமூணு வயசு. ஆனா எனக்கு அன்னைலேர்ந்து ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு, அதத்தான் எழுதிப் பாக்கலாம்னு உக்காந்தேன். நீளமா போகும், கோப்பி கலக்கிட்டு வந்து படிங்க.

நம்ம உள்ளூர் லீக்க ஏன் யாரும் பாக்குறதில்லன்னு கேட்டா எல்லாரும் ரெடியா ஒரு பதில் வச்சிருக்காங்க. ஸ்டாண்டர்டு மட்டம். டிவில பிரீமியர் லீக் வருது. கெலோங் வேற, அதாவது மேட்ச் ஃபிக்ஸிங், நம்ம ஊர்ல அந்த மலாய் வார்த்தையத் தவிர வேற எதுவும் யாரும் சொல்றதில்ல. எங்க ஸ்கூல் நண்பர்கள் வாட்ஸாப் குரூப்ல வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது இந்த சண்டை வரும், ஒவ்வொரு தடவையும் இதே மூணு பதில்தான். நானும் பல வருஷமா இதத்தான் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். இப்ப எனக்கு இந்த மூணு மேலயும் நம்பிக்கை போயிடுச்சு, ஏன்னா இந்த மூணுமே 1994லயும் இருந்துச்சு.

1994 பத்தி தெரியாத சின்னப் பசங்களுக்காக கொஞ்சம் சொல்றேன். அப்ப நமக்குன்னு தனி லீக் கிடையாது. சிங்கப்பூர் அணி மலேசிய லீக்ல ஆடும், சிலாங்கூர், கெடா, பகாங், ஜொகூர் மாதிரி நாமளும் ஒண்ணு. மலேசியா கப்ப நாம மொத்தம் 24 தடவை ஜெயிச்சிருக்கோம். எங்க பெரியப்பா ஹார்பர்ல வேலை பாத்தவரு, அவரு தலைமுறைக்கு 1977தான் பெருசு, 'கேமல்' எஸ். ராஜகோபால் அடிக்கிற பனானா கிக், கேப்டன் சமது அல்லாப்பிச்சை, டோல்லா காசிம், குவா கிம் சோங் இப்படி சொல்லிக்கிட்டே போவாரு. ராஜகோபால் பேரச் சொல்லும்போது மட்டும் சொந்த மச்சான் மாதிரி ஒரு பெருமை வரும் முகத்துல. எங்க தலைமுறைக்கு ஃபண்டி அஹ்மது, மாலிக் அவாப், 'டாஸ்லர்' வி. சுந்தரமூர்த்தி. 1993ல புருணைக்கு எதிரா காலாங்ல, அதாவது பழைய நேஷனல் ஸ்டேடியத்துல, சுந்தரம் அடிச்ச பைசிக்கிள் கிக்க அடுத்த நாள் எங்க புளோக் கீழ இருந்த புல்தரையில அத்தனை பயலும் அடிச்சுப் பாத்தோம். ஒருத்தன் கை உடைஞ்சுது. அவன் அம்மா சுந்தரத்தத் திட்டினாங்க.

எனக்கு பன்னெண்டு வயசு. உட்லண்ட்ஸ்க்கு அப்ப எம்ஆர்டி வரல, அது 1996ல தான் வந்துச்சு. பஸ் புடிச்சு ஈசூன் போயி, அங்கேருந்து எம்ஆர்டி, நடுவுல இறங்கி லைன் மாறி, காலாங்ல இறங்கினா ஸ்டேஷன்லேர்ந்தே ஆள் கூட்டம் ஆறு மாதிரி ஓடும். நாம நடக்கவே வேணாம், அது தள்ளிக்கிட்டே போகும். பெரியப்பா என் சட்டை காலர புடிச்சிக்குவாரு. வாசல்ல கூம்பு மாதிரி சுருட்டின பேப்பர்ல கச்சாங் பூத்தே, அதாவது கடலை, முந்திரி மாதிரி கொறிக்கிற ஐட்டம், அதை விக்கிறது பெரும்பாலும் நம்ம ஆளுங்கதான், பெரியப்பா அவங்ககிட்ட தமிழ்ல பேரம் பேசி ரெண்டு முந்திரி கூடுதலா வாங்கிருவாரு. உள்ள போனா 55,000 பேர். காலாங் ரோர்னு சொல்றது சும்மா விளம்பரத்துக்கு இல்லங்க, நெஞ்சுக்கூட்டுக்குள்ள அதிரும். ரெஃப்ரி ஒரு தப்பு பண்ணினா 55,000 பேரும் சேந்து "ரெஃப்ரி காயு!"ன்னு கத்துவாங்க. காயுன்னா மலாய்ல மரக்கட்டை. சீன ஆன்ட்டியும் கத்தும், மலாய் பாக்சிக், அதாவது மலாய் அங்கிளும் கத்துவாரு, எங்க பெரியப்பாவும் கத்துவாரு, நாலு மொழி இருக்கிற ஊர்ல எல்லாரும் ஒரே மொழியில திட்டினது அங்க ஒண்ணுதான்.

அந்த வருஷம் டிசம்பர்ல ஷா ஆலம்ல ஃபைனல், பகாங்க 4-0. அப்பாஸ் சாட் ஹாட்ரிக். பெரியப்பா கோச் பஸ் புடிச்சு காஸ்வே பாலம் தாண்டி மலேசியா போயிட்டாரு, ஸ்கூல் பையன கூட்டிட்டுப் போக மாட்டேன்னுட்டாரு, நான் வீட்டுல டிவி முன்னாடி அழுதுகிட்டே பாத்தேன். லீக், கப் ரெண்டும் அந்த வருஷம் நமக்குத்தான்.

இப்ப அந்த மூணு காரணத்துக்கு வாங்க. ஸ்டாண்டர்டு? மலேசிய லீக் ஒண்ணும் அப்ப உலகத் தரம் கிடையாது, அதுக்கு முந்தின வருஷம்தான் நாமளே ரெண்டாவது டிவிஷன்ல கிடந்து மேல வந்தோம். இங்கிலீஷ் ஃபுட்பால்? அது அப்பவும் டிவில வந்துச்சு, பெரியப்பா வீட்டு சுவத்துல லிவர்பூல் போஸ்டரும் இருந்துச்சு ஃபண்டி போஸ்டரும் இருந்துச்சு, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல சண்டை போடாம இருந்துச்சு. கெலோங்? ஐயோ, அந்தக் காலத்துல இருந்த கெலோங்குக்கு இப்ப நடக்குறதெல்லாம் கால் தூசு. அந்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல காஸ்வேக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எத்தனை பேரப் புடிச்சாங்க, நம்ம அணியிலயே வழக்கு போச்சு. ஜனங்களுக்கு தெரியாமலா இருந்துச்சு? அரசல் புரசலா எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் ராத்திரி முழுக்க வரிசையில நின்னு டிக்கெட் வாங்கினாங்க.

அப்ப வித்தியாசம் என்னன்னா, எதிர்ல யாரு நின்னாங்கங்கிறதுதான்னு எனக்கு இப்ப தோணுது.

நாம காலாங்குக்கு போனது ஃபுட்பால் பாக்க இல்ல, மலேசியாக்காரன ஜெயிக்க. வெளிப்படையா சொல்லிருவோம். 1965ல பிரிஞ்ச ஒரு வீடு, பாகப்பிரிவினைக்கு அப்புறம் அண்ணன் தம்பி நேருக்கு நேர் பேசிக்க முடியாததையெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் பந்து மேல காட்டினோம். எங்க சொந்தக்காரங்க பாதிப் பேர் ஜொகூர் பாருவுல, ஸ்கூடாய்ல இருந்தாங்க. நாம தோத்தா ஞாயித்துக்கிழமை காலையில ஃபோன் வந்துரும், "என்னடா, உங்க ஆளுங்க நேத்து தூங்கிட்டானுங்களா?"ன்னு மாமா கேப்பாரு. அந்த ஃபோனுக்கு பயந்துதான் பெரியப்பா அவ்ளோ கத்தினாரு. ஜெயிச்சா இவரு ஃபோன் போடுவாரு, டிரங்க் கால் காசு பத்தி கவலையே படமாட்டாரு.

1994 முடிஞ்சதும் கேட் கலெக்‌ஷன்ல யாருக்கு எவ்ளோங்கிற தகராறுல மலேசிய சங்கத்துக்கும் நம்ம சங்கத்துக்கும் ஒத்துவரல, நாம வெளிய வந்துட்டோம். 1996 ஏப்ரல்ல நமக்குன்னு தனியா எஸ்.லீக் ஆரம்பிச்சாங்க. எட்டு கிளப். கேலாங் யுனைடட், பாலஸ்டியர் சென்ட்ரல், போலீஸ், ஆர்ம்டு ஃபோர்சஸ், செம்பவாங் ரேஞ்சர்ஸ், தெம்பனிஸ் ரோவர்ஸ், தியோங் பாரு, அப்புறம் எங்க உட்லண்ட்ஸ் வெலிங்டன். ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. முதல் வருஷ சாம்பியன்ஷிப் ப்ளே-ஆஃப்க்கு நேஷனல் ஸ்டேடியத்துல 30,000 பேர், கேலாங் ஆர்ம்டு ஃபோர்சஸ 2-1ல ஜெயிச்சுது. வெளிநாட்டு ஆளுங்களும் சும்மா இல்ல. 1998 உலகக் கோப்பையில அமெரிக்காவுக்கு எதிரா தலையால முட்டி கோல் போட்டுட்டு அழுதுகிட்டே ஓடினாரே ஈரானோட ஹமீது எஸ்டிலி, அவரு நம்ம லீக்ல ஆடினவரு. நான் இத சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.

எனக்கு பதினாலு வயசு, வீட்டுக்குப் பக்கத்துலேயே கிளப், உட்லண்ட்ஸ் ஸ்ட்ரீட் 13ல ஸ்டேடியம், இதவிட என்ன வேணும். ஸ்லிப்பர் போட்டுகிட்டு நடந்தே போயிருவேன். ஆனா முதல் சில மேட்ச்லயே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. தெம்பனிஸ்க்கு எதிரா மேட்ச். நான் தெம்பனிஸ வெறுக்கணும். எப்படி வெறுக்கிறது? எங்க சின்னத்தை தெம்பனிஸ்ல இருக்கு. தீபாவளிக்கு அங்கதான் போவோம், முறுக்கு நல்லா சுடும். அந்த மேட்ச்ல நாங்க தோத்தோம், அடுத்த நாள் சின்னத்தைகிட்ட ஃபோன் பேசினேன், அதுக்கு அப்படி ஒரு டீம் இருக்கிறதே தெரியல.

இந்தத் தீவு கிழக்கேருந்து மேற்கு வரைக்கும் மொத்தமே 50 கிலோமீட்டர் தேறும். அதுல எட்டு கிளப். அதுலயும் நாம ஒரு இடத்துல நிலையா இருக்கிற ஜனமா? அப்பா அம்மா உட்லண்ட்ஸ், கல்யாணம் ஆனா பிடிஓ, அதாவது அரசாங்கம் கட்டுற புது வீடு, எங்க கிடைக்குதோ அங்க, புள்ளைக்கு நல்ல ஸ்கூல் வேணும்னா அங்கேருந்து வேற எங்கேயோ. நான் இப்ப இருக்கிறது செங்காங். என் மேல் வீட்டுக்காரர் குயின்ஸ்டவுன்லேர்ந்து வந்தவரு, கீழ் வீடு பிடோக். மான்செஸ்டர்ல தாத்தா, அப்பா, புள்ள மூணு பேரும் ஒரே தெருவுல வளர்ந்து ஒரே கிளப்புக்கு கத்துறாங்கன்னா அதுக்கு அந்தத் தெரு அங்கேயே இருக்கணும். நம்ம ஊர்ல தெருவே இருக்கிறதில்ல, புளோக்க மொத்தமா வாங்கி என்பிளாக் பண்ணி இடிச்சிருவாங்க.

சரி, அதுக்காக நடக்கவே நடக்காதுன்னு இல்ல. முப்பது வருஷம் சும்மா விட்டிருந்தா ஏதாவது ஒரு பகை தானா முளைச்சிருக்கும், பகையும் ஒரு செடிதான். ஆனா நம்மாளுங்க செடிய நட்டுட்டு வாரத்துக்கு ஒரு தடவை புடுங்கி வேர் விட்டிருக்கான்னு பாத்தாங்க. தியோங் பாரு தஞ்சோங் பகார் ஆச்சு. போலீஸ் ஹோம் யுனைடட் ஆச்சு, அது 2020ல லயன் சிட்டி செய்லர்ஸ் ஆச்சு. மரின் காசல்னு ஒரு கிளப் வந்துச்சு, அது செங்காங் மரின் ஆகி, செங்காங் பொங்கோல் ஆகி, கடைசில ஹவ்காங் யுனைடட் ஆயிடுச்சு. ஆர்ம்டு ஃபோர்சஸ் ஒம்போது தடவை லீக் ஜெயிச்ச கிளப், அதுக்கு வாரியர்ஸ்னு பேர் மாத்தினாங்க, 2020லேருந்து அது லீக்லயே இல்ல. தெம்பனிஸ் ஸ்டேடியத்த இடிச்சிட்டு பெரிய ஹப் கட்டினாங்க, சூப்பரா இருக்கு, நான் குறை சொல்லல, ஆனா 2017ல அது திறக்குற வரைக்கும் தெம்பனிஸ் ரோவர்ஸ் தீவோட மறுகோடியில கிளமெண்டி, ஜூரோங்னு போயி 'ஹோம்' மேட்ச் ஆடிக்கிட்டு இருந்துச்சு. தெம்பனிஸ்லேர்ந்து கிளமெண்டிக்கு எம்ஆர்டில போயிட்டு வர்ற நேரத்துக்கு ஒரு முழு மேட்ச் பாத்துடலாம் லா.

எங்க உட்லண்ட்ஸ் கதைதான் உச்சம். பெருசா எதுவும் சாதிச்ச கிளப் இல்ல அது. 2007ல முதல் முதலா நடந்த லீக் கப்ப ஜெயிச்சோம், அவ்ளோதான் எங்க வீரதீர வரலாறு, மத்தபடி டேபிள்ல எங்களத் தேடணும்னா கீழேருந்து பாத்தா சீக்கிரம் கிடைப்போம். கீழ இருந்தாலும் பயமில்ல, நம்ம லீக்ல யாரும் டிவிஷன் இறங்கினதே கிடையாது. அதுவே ஒரு பிரச்சனை, கடைசி ரெண்டு மாசம் கீழ இருக்கிறவனுக்கு ஆட ஒரு காரணமும் இருக்காது. 2014 முடியும்போது அறிவிச்சாங்க, உட்லண்ட்ஸ் வெலிங்டன ஹவ்காங்கோட சேத்தாச்சு, பேரு ஹவ்காங் யுனைடட்தான். அதாவது அடுத்த சீசன்லேர்ந்து நான் ஹவ்காங் ரசிகன். கல்யாணம் பண்ணி வச்ச மாதிரி.

எல்லாம் சரி, வெளிநாட்டு அணிகள கொண்டாந்தாங்களே, அவங்க எதிரிதானேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, நானும் இதுல கொஞ்ச நாள் மாட்டிக்கிட்டேன். 2003ல சின்சின்னு சீன அணி, 2004லேர்ந்து ஜப்பானோட அல்பிரெக்ஸ் நீகாட்டா, ஸ்போர்ட்டிங் அஃப்ரீக், கொரியாவோட சூப்பர் ரெட்ஸ், லியாவ்னிங், டாலியன், பெய்ஜிங், புருணை டிபிஎம்எம், மலேசியாவோட இளைஞர் அணி ஹரிமாவ் மூடா, எத்வால்னு ஒரு பிரெஞ்சுக்காரங்க அணி வந்துச்சு, வந்த வருஷமே, 2010ல, லீக்க ஜெயிச்சிட்டாங்க. அல்பிரெக்ஸ் 2016லயும் 2017லயும் இருந்த கோப்பை அத்தனையும் தூக்கிட்டுப் போச்சு, 2018ல ஒரு லீக் மேட்ச் கூட தோக்கல. வேற எந்த நாட்டுலயாவது இப்படி நடந்தா சாலையில இறங்கி டயர் கொளுத்தியிருப்பாங்க. இங்க யாரும் மூச்சு விடல. நாம ஒரு கிளப்பயும் நம்முளுதுன்னு நினைக்கலன்னா, அது தோத்தா மானம் எப்படி போகும்?

அதோட எதிரின்னா எதிர்ல ஒரு அணி மட்டும் இருந்தா பத்தாது, அந்த அணிக்குப் பின்னாடி ஜனம் இருக்கணும். ஞாயித்துக்கிழமை காலையில ஃபோன் போடுற மாமா இருக்கணும். அல்பிரெக்ஸ் தோத்தா நான் யாருக்கு ஃபோன் போட்டு கிண்டல் பண்றது? நீகாட்டாவுக்கா? கூத்து என்னன்னா இருந்ததுலயே அக்கம்பக்கத்து ஜனத்தோட ஒட்டி உறவாடினது அந்த ஜப்பான் கிளப்தான். ஜூரோங் ஈஸ்ட்ல போன் ஓடோரின்னு ஜப்பான் திருவிழா நடனம் நடத்தினாங்க, பிள்ளைங்களுக்கு கோச்சிங். நம்ம கிளப்புங்க அந்த நேரத்துல ஜாக்பாட் ரூம் நடத்திக்கிட்டு இருந்துச்சுங்க.

ஜாக்பாட் பத்தி தெரியாதவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும். பல கிளப்புங்களுக்கு அப்ப டிக்கெட் காசு ஒரு வருமானமே இல்ல. கிளப் ஹவுஸ்னு ஒண்ணு வச்சு அதுல காசு போட்டு இழுக்குற மெஷின், அங்க வந்த அங்கிளுக்கும் ஆன்ட்டிக்கும் கிளப் எத்தனாவது இடத்துல இருக்குன்னு தெரியாது, தெரியவும் வேணாம். மிச்சத்துக்கு மானியம், அதுவும் டோட்டோ, 4டி, ஸ்கோர்னு ஜனங்க பெட் கட்டுற காசுலேர்ந்து சுத்தி வர்றது. 2017ல ஜாக்பாட்டுக்கு கட்டுப்பாடு போட்டதும் கிளப்புங்க திணறினதுலேர்ந்தே தெரிஞ்சுது எது யார சுமந்துகிட்டு இருந்துச்சுன்னு. நான் ஒரு கடை வச்சு, கஸ்டமர் வந்தாலும் வராட்டாலும் மாசக் கடைசில காசு வந்துடும்னா, கடை வாசல பெருக்குவேனா?

நான் சொல்றதுக்கு சாட்சி வேணும்னா 2012லேர்ந்து 2015 வரைக்கும் பாருங்க. லயன்ஸ் ட்வெல்வ்னு ஒரு அணிய மறுபடி மலேசிய லீக்ல இறக்கினாங்க, கோச் நம்ம சுந்தரம், அப்புறம் ஃபண்டி. ஜாலான் புசார் ஸ்டேடியம் மொத்தமே ஆறாயிரம் பேர் கொள்ளும், பெரிய மேட்ச்னா டிக்கெட் கிடைக்காது. நான் கிளந்தான் மேட்ச்க்கு போனேன், வாசல்ல கச்சாங் பூத்தே இல்ல, மத்தபடி எல்லாம் இருந்துச்சு, காயு கூட இருந்துச்சு. 2013ல மலேசிய சூப்பர் லீக்க ஜெயிச்சோம், 2015ல எஃப்ஏ கப். ஜொகூர் மாமா பையன் எனக்கு வாட்ஸாப்ல கழுதை படம் அனுப்பினான், நான் திருப்பி கோப்பை படம் அனுப்பினேன். அதே நாலு வருஷம் எஸ்.லீக்ல என்ன நடந்துச்சு? நல்ல உள்ளூர் ஆளுங்களையெல்லாம் லயன்ஸ் ட்வெல்வ்க்கு எடுத்துட்டாங்க, இருந்த பத்து பேரும் எந்திரிச்சு ஜாலான் புசாருக்கு போயிட்டான். 2015 கடைசில மலேசியாக்காரங்க போதும்னுட்டாங்க. அந்த ஆறாயிரம் பேர் திரும்பி எஸ்.லீக்குக்கு வந்தாங்களா? அவங்க எங்க போனாங்கன்னே தெரியல. அடுத்த வருஷம் தெம்பனிஸ், லிவர்பூலுக்கு சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் ஆடின ஜெர்மெய்ன் பென்னன்ட கூட்டிட்டு வந்தாங்க. கொஞ்ச நாள் வேடிக்கை பாக்க கூட்டம் வந்துச்சு, அப்புறம் அதுவும் வடிஞ்சிடுச்சு.

2018ல எஸ்.லீக் பேர சிங்கப்பூர் பிரீமியர் லீக்னு மாத்தினாங்க, 23 வயசுக்கு கீழ இத்தன பேர் ஆடணும்னு விதி போட்டாங்க, நாலு முகம் தெரிஞ்ச மூத்த ஆளுங்களும் வீட்டுக்கு போயிட்டாங்க. இதப்பத்தி தனியா எழுதணும், இப்ப வேணாம், பிரஷர் ஏறிடும்.

தேசிய அணி ஜெயிச்சா லீக் தேறும்னு ஒரு கட்சி இருக்கு. அதுவும் நடக்கல. 1998ல ஹனோய்ல வியட்நாம அவங்க மண்ணுலயே 1-0ல ஜெயிச்சு டைகர் கப் வாங்கினோம், ஆர். சசிகுமார் தோள்ல பட்டு உள்ள போன அந்தப் பந்த நினைச்சா இன்னும் எனக்கு சிரிப்பு வரும். அப்புறம் 2004, 2007, 2012. நாலு தடவை ஆசியான் சாம்பியன். ஒவ்வொரு தடவையும் ஊரே சிவப்பாச்சு, அடுத்த வாரம் லீக் மேட்ச்ல அதே பழைய தலைங்கதான். 2025 மே மாசம் செய்லர்ஸ் ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ ஃபைனல் வரைக்கும் போச்சே, பீஷான்ல, ஷார்ஜாவுக்கு எதிரா. எனக்கு டிக்கெட் கிடைக்கல. சிங்கப்பூர் கிளப் மேட்ச்க்கு டிக்கெட் கிடைக்கலன்னு நான் என் வாழ்க்கையில சொல்லுவேன்னு நினைச்சதில்ல. செங்காங்ல கோப்பிக்கடையில ஒரு அங்கிளோட ஃபோன்ல எட்டு பேர் தலைய விட்டுப் பாத்தோம். 91வது நிமிஷம் செய்லர்ஸோட லெஸ்டியென் சமன் பண்ணினப்ப தே தாரே டீ எல்லாம் கொட்டி ஒரே கூச்சல், அப்புறம் கடைசி மூச்சுல ஷார்ஜா ஒண்ணு போட்டு 2-1. அந்த எட்டு பேர்ல ஒருத்தர்கிட்ட கேட்டேன், செய்லர்ஸ் லீக் மேட்ச் பாப்பீங்களான்னு. "லீக்கா, அதுல யாரோட ஆடுவாங்க?"ன்னாரு. கிண்டலா கேக்கல, நிஜமாவே தெரியாம கேட்டாரு. நான் இவ்ளோ நீளமா எழுதிக்கிட்டு இருக்கிறத அந்த மனுஷன் ஒரே வரியில கேட்டுட்டாரு.

என் பங்கையும் சொல்லிடணும். உட்லண்ட்ஸ் உட்லண்ட்ஸ்னு இவ்ளோ பேசுறேனே, அந்த கிளப்போட கடைசி அஞ்சு வருஷத்துல நான் எத்தன மேட்ச் போனேன்? மூணு. அதுல ஒண்ணு மழை பெய்ய ஆரம்பிச்சதும் ஹாஃப் டைம்ல வீட்டுக்கு வந்துட்டேன், வந்து டிவில செல்சி பாத்தேன். பிரீமியர் லீக் சந்தா ஏறிடுச்சுன்னு மாசா மாசம் புலம்புவேன், ரெண்டு பேர் கோப்பிக்கடையில சாப்பிடுற காசு கூட வராத உள்ளூர் டிக்கெட்ட எடுக்க மாட்டேன். கிளப்ப மூடினப்ப ஃபேஸ்புக்ல அழுத ஸ்மைலி போட்டேன். அந்த ஸ்மைலிக்கு லைக் போட்டவன் எண்ணிக்கை அன்னைக்கு ஸ்டேடியத்துக்கு வந்தவன விட அதிகமா இருந்திருக்கும்.

புள்ளைங்க ஆடவாவது செய்யுதான்னு பாத்தா அதுவும் எங்க. புளோக் கீழ இருக்கிற வாய்ட் டெக்ல பந்து ஆடக்கூடாதுன்னு படம் போட்டு போர்டு. கோர்ட் புக் பண்ணணும்னா ஆப்ல போட்டி. என் பொண்ணுக்கு நல்லா கால் வரும், ஆனா சனிக்கிழமை கணக்கு டியூஷன், ஞாயிறு தமிழ் டியூஷன். போட்டதே நான்தான், நான் யாரக் குறை சொல்ல.

சரி, அந்த ஆபிஸ் பையன் விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் அவன ஜாலான் புசாருக்கு கூட்டிட்டுப் போனேன், ஹவ்காங் மேட்ச். வேலை முடிச்சு தேக்கா பக்கம் புரோட்டா சாப்பிட்டுட்டு நடந்தே போனோம். அவன் ஆர்சனல் ஜெர்சி போட்டுகிட்டு வந்தான், ஃபுட்பால் மேட்ச்னா ஜெர்சிதானே போடணும்னு. உள்ள நுழைஞ்சு ஒரு நிமிஷம் சுத்திப் பாத்தான். "அண்ணே, மேட்ச் இன்னைக்குத்தானா?"

உக்காந்தோம். எங்க வேணா உக்காரலாம். பத்து நிமிஷத்துல அவன் ஒண்ணு சொன்னான், எனக்கு அது மறக்க மாட்டேங்குது, "அண்ணே இங்க பிளேயருங்க பேசிக்கிறது எல்லாம் கேக்குது." ஆமா, கேக்குது. கோல்கீப்பர் டிஃபென்டர மலாய்ல திட்டுறது, கோச் இங்கிலீஷ்ல கத்துறது, பந்த உதைக்குற சத்தம் கூட தனியா டப்னு கேக்கும். காலாங்ல எனக்கு என் பெரியப்பா கத்துறதே கேக்காது, பக்கத்துல உக்காந்துகிட்டு.

ரெண்டு வரிசை கீழ ஒரு வயசான பாக்சிக், தனியா வந்திருந்தாரு, தொப்பி, கையில ஃபிளாஸ்க். ரெஃப்ரி ஒரு ஃபவுல விட்டதும் எந்திரிச்சு "காயு!"ன்னு கத்தினாரு. அவ்ளோ பெரிய ஸ்டேடியத்துல ஒரே ஒரு காயு. ரெஃப்ரி திரும்பிப் பாத்தாரு, அவருக்கும் கேட்டிருக்கும் இல்ல. பையன் அர்த்தம் கேட்டான், சொன்னேன், அடுத்த தடவை அவனும் பாக்சிக்கோட சேந்து கத்தினான், பாக்சிக் திரும்பி பெருவிரல காட்டினாரு.

ரெண்டாவது பாதியில ஒரு நல்ல கோல், தூரத்துலேர்ந்து, வளைஞ்சு போயி மூலையில விழுந்துச்சு. எங்களச் சுத்தி இருந்த கொஞ்சப் பேர் எந்திரிச்சாங்க, கொஞ்சப் பேர் தலையில கை வச்சாங்க. பையன் பாதி எந்திரிச்சு, எந்திரிக்கலாமா வேணாமான்னு குழம்பி, முழங்கால் மடக்கி நின்னபடியே என்னப் பாத்தான்.

"அண்ணே, நாம எந்தப் பக்கம்?"

2014ல என்ன ஹவ்காங்கோட சேத்து வச்சது ஞாபகம் வந்துச்சு. கோல் வாங்கினது ஹவ்காங். "உக்காருடா"ன்னேன்.